கேள்வி மேடை: போட்டியாளர்கள் ஏன் ஒரே மேஜையில் உட்கார்கிறார்கள்?

(இந்த மாதம் பதில் சொல்பவர், பெங்களூரில் சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் லேஅவுட் (சிப்பில் சுற்று எங்கே எப்படி அமைய வேண்டும் என்று வரையும்) பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரி குருசுக்குப்பத்தில் வசிப்பவர்.)

"மேடம், எங்கள் கல்லூரியில் பேச வந்த ஒருவர், சிப் வடிவமைக்கும் மென்பொருளை விற்கிற நிறுவனங்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது என்றார். சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கும்போது சங்கம் எதற்கு? மூன்று பேரும் போனில் பேசிக்கொள்ளலாமே?"
– இறுதியாண்டு மாணவி, பிள்ளைச்சாவடி

அப்படிப் போனில் விலை பேசினால் அமெரிக்கச் சட்டப்படி சிறைக்கே போக நேரிடலாம், அம்மா. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

அந்தச் சங்கம் 1989இல் 'இ.டி.ஏ. கன்சார்ட்டியம்' என்ற பெயரில் தொடங்கியது (இ.டி.ஏ. என்றால் மின்னணு வடிவமைப்புத் தானியக்கம்). 2016இல் 'இ.எஸ்.டி. அலையன்ஸ்' ஆனது. 2018இல் செமி என்ற உலகளாவிய செமிகண்டக்டர் தொழில் அமைப்போடு இணைந்தது. நீ சொல்லும் மூவர் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ். (சீமென்ஸ் 2017இல் மென்டார் கிராஃபிக்ஸை வாங்கி உள்ளே வந்தது. எங்கள் தலைமுறைக்கு அது இன்னும் மென்டார்தான்.) இவர்களுக்குக் கீழே ஒரே ஒரு கருவியை (வடிவமைப்பு மென்பொருளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மட்டும் விற்கும் சிறு நிறுவனங்களும், ஆயத்த வடிவமைப்புத் தொகுதிகளை விற்பவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சங்கம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், சிறியவர்களுக்கு ஓடாது.

கடலூர் துறைமுகத்து விசைப்படகுக்காரர்கள் கடலில் ஒருவரையொருவர் முந்தத்தான் பார்ப்பார்கள். டீசல் மானியம் என்று வந்தால் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். இங்கும் அதே கதைதான். தனியாகச் செய்ய முடியாத வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை, கணக்கெடுப்பது. இந்தத் தொழிலின் மொத்த விற்பனை எவ்வளவு, சரிபார்ப்புக் கருவிகளுக்கு எவ்வளவு, லேஅவுட் கருவிகளுக்கு எவ்வளவு, பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) மென்பொருளுக்கு எவ்வளவு, எந்தக் கண்டத்தில் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வருகிறது. எந்த நிறுவனமும் தன் கணக்குப் புத்தகத்தைப் போட்டியாளரிடம் காட்டாது. அதனால் எல்லோரும் வெளியாள் ஒருவரிடம், ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்திடம், ரகசியமாகக் கொடுக்கிறார்கள். கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரும். அண்மை ஆண்டுகளில் ஒரு காலாண்டின் தொகை 400 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி முதலீட்டாளர் முன்னால் போய் நிற்பவருக்கு இந்த அறிக்கைதான் ஆதாரம். "சந்தை பெரிது" என்று வாயால் சொன்னால் யார் பணம் தருவார்கள்?

இரண்டாவது வேலையை வெளியே யாரும் பாராட்டுவதில்லை, நான் பாராட்டுவேன். எந்தக் கருவி எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் ஓட வேண்டும், பழைய பதிப்பை எப்போது கைவிடலாம் என்று உறுப்பினர்கள் கூடி ஒரு பாதை வகுத்து வெளியிடுகிறார்கள். ஒரு சிப்பை முடிக்க நாலைந்து நிறுவனங்களின் கருவிகள் வேண்டும். சன் நிறுவனத்தின் ஒர்க்ஸ்டேஷன் கணினியிலிருந்து லினக்ஸுக்கு மாறிய காலத்தில், சுற்றை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் ஒரு பதிப்பு கேட்கும், லேஅவுட் கருவி இன்னொன்று கேட்கும். எங்கள் சிஸ்டம் நிர்வாகி இரண்டுக்கும் நடுவில் அல்லாடுவார். டேப்-அவுட் தேதி, அதாவது முடித்த வடிவமைப்பை ஆலைக்கு அனுப்பும் நாள், மட்டும் யாருக்காகவும் நகராது. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. வெரிலாக் போன்ற, சிப்பின் சுற்றை எழுதிக் காட்டும் மொழிகளுக்குத் தரநிலை எழுதுவது இந்தச் சங்கத்தின் வேலை அல்ல. அதற்கு 2000இல் உருவான அக்செலெரா என்ற அமைப்பு இருக்கிறது, அதற்கு மேலே மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ. இருக்கிறது. நேர்முகத் தேர்வில் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"வருஷா வருஷம் மென்பொருள் கட்டணம் ஏறுகிறது. சங்கம் கூடி விலையை நிர்ணயிக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது."
– பி.சி.பி. பட்டறை உரிமையாளர், தட்டாஞ்சாவடி

சங்கக் கூட்டத்தில் விலை பேசினால் அது கூட்டுச் சதி. நம் நாட்டில் போட்டிச் சட்டம், 2002 இருக்கிறது. 2012இல் சிமெண்ட் நிறுவனங்களுக்கும் அவற்றின் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சேர்த்துப் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் வருஷக்கணக்கில் இழுத்தது வேறு விஷயம். எண்களைத் தணிக்கையாளர் வழியாகத் திரட்டுவதற்கும் இதே அச்சம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விலை ஏற எந்தச் சதியும் தேவையில்லை, ஐயா. விற்பவர் சிலர், வாங்கியவர் மாறுவது கடினம். சிப் தயாரிக்கும் ஆலை எந்தக் கருவிக்குச் சான்று கொடுத்திருக்கிறதோ அதைத்தான் வடிவமைப்பாளர் பயன்படுத்தத் துணிவார். ஒரு தவறு புகுந்தால், சிப்பில் சுற்றைப் பதிக்கும் மாஸ்க் தகடுகளின் செலவு முழுக்க வீண். அந்தப் பயம் போதும், கட்டணத்தைக் கேட்டபடி கட்டிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று. இது விற்பவர்களின் சங்கம். சந்தா கட்டுபவர்கள் அவர்கள். நீங்களும் நானும் வாடிக்கையாளர்கள். நம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அங்கே எவரும் எழுந்து பேசப் போவதில்லை.

உங்கள் பட்டறையில் இரண்டு அடுக்கு, நான்கு அடுக்கு போர்டுகள்தானே? கைகேட் போதும். 1992இல் தொடங்கிய இலவச மென்பொருள், 2019இலிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. போர்டு அடித்துத் தருபவர் உங்களிடம் போர்டின் அடுக்குப் படங்கள் அடங்கிய கெர்பர் கோப்பைத்தான் கேட்பார், எந்த மென்பொருளில் போட்டீர்கள் என்று கேட்க மாட்டார்.

"என் மகன் சிப் வடிவமைப்பு மென்பொருளின் உடைத்த நகலை நண்பனிடம் வாங்கி மடிக்கணினியில் போட்டிருக்கிறான். படிக்கத்தானே என்கிறான். விட்டுவிடலாமா?"
– ஒரு தகப்பனார், நெல்லிக்குப்பம்

விடாதீர்கள். படிக்கத்தானே என்று போட்டது வேலைக்குப் போகும்போது மடிக்கணினியோடு கூடவே போகும். இந்த மென்பொருள்களில் பல, தாம் எங்கே ஓடுகின்றன என்று தயாரித்தவருக்குச் சொல்லிவிடும். அலுவலக இணைப்பில் ஒருமுறை ஓடினால் போதும், நோட்டீஸ் நிறுவனத்துக்கு வரும்.

திருட்டு நகலைத் தடுப்பது அந்தச் சங்கத்தின் பழைய வேலைகளில் ஒன்று, அதற்கென்று ஒரு குழு உண்டு. மென்பொருளை ஓட்ட அனுமதி தரும் லைசென்ஸ் சர்வர் ஒரு கணினியின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் போலியாக்கி ஒரு லைசென்ஸைப் பத்தாகப் பெருக்குபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு சர்வர் சான்று முறையை வகுத்திருக்கிறார்கள்.

மகனைத் திட்டிவிட்டு வழியையும் காட்டுங்கள். மேஜிக், என்ஜிஸ்பைஸ், ஓபன்ரோட் எல்லாம் இலவச வடிவமைப்பு மென்பொருள்கள். ஸ்கைவாட்டர் என்ற சிப் ஆலையின் 130 நானோமீட்டர் சிப்புக்கான வடிவமைப்பு விவரத் தொகுப்பை 2020இல் கூகுளோடு சேர்ந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சுற்று வரைந்து பழக மும்பை ஐ.ஐ.டி.யின் இசிம் இருக்கிறது. கல்லூரி மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்' திட்டத்தில் இருந்தால், அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் பெங்களூரில் நடத்தும் சிப்-இன் மையம் வழியாக அசல் மென்பொருளே கிடைக்கும். துறைத் தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காத கல்லூரிகள்தான் அதிகம்.

"அந்தச் சங்கம் விருது ஏதும் கொடுக்கிறதா? நம்மவர் யாராவது வாங்கியதுண்டா?"
– வாசகர், மஞ்சக்குப்பம்

ஃபில் காஃப்மன் விருது. 1994 முதல் தருகிறார்கள். ஐ.இ.இ.இ.யின் வடிவமைப்புத் தானியக்கப் பிரிவும் இதில் பங்குதாரர். 2021இல் அனிருத் தேவ்கன் பெற்றார், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர், கேடன்ஸின் தலைவர். என் மனத்துக்கு நெருக்கமானது 2005. வெரிலாக்கை உருவாக்கிய ஃபில் மூர்பிக்குக் கொடுத்த ஆண்டு அது. முதல் பெண்மணி மேரி ஜேன் இர்வின், 2019இல். அதுவரை ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

"அமெரிக்கா சீனாவுக்குத் தடை போடும்போது சங்கம் என்ன செய்யும்?"
– வாசகர், முத்தியால்பேட்டை

விதியை உறுப்பினர்களுக்கு விளக்கும், உறுப்பினர்களின் கவலையை அரசிடம் சொல்லும். 2022 ஆகஸ்டில், அடுத்த தலைமுறை டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சிப்களை வடிவமைக்கும் மென்பொருளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. 2025 மே மாதம் சீனாவுக்கான விற்பனைக்குக் கடிதம் மூலம் தடை வந்தது, ஜூலைத் தொடக்கத்தில் விலகியது. ஐந்தாறு வாரத்தில் போட்டதும் எடுத்ததும். அந்த நாட்களில், மென்பொருளில் சிக்கல் வந்தால் உதவச் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் எப்படித் தவித்திருப்பார் என்பதை எந்தச் சங்க அறிக்கையும் சொல்லாது.

"எங்கள் பக்கத்தில் சிறு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை நடத்தும் ஆறு பேர் சங்கம் தொடங்க நினைக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"
– எல்.இ.டி. விளக்குத் தயாரிப்பாளர், கடலூர் முதுநகர்

இன்னும் ஒருவரைச் சேருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படிப் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும்.

தலைவர் யார் என்று முதல் கூட்டத்தில் பேசாதீர்கள், அங்கேயே உடைந்துவிடும். எல்லோருக்கும் செலவு வைக்கும் ஒரு வேலையை எடுங்கள். மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. ஏழு பேரும் தனித்தனியாக அலையாமல் பொருள்களை ஒன்றாகத் திரட்டி அனுப்புங்கள். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் ஐ.சி.யைச் சேர்த்து ஆர்டர் போடுங்கள், அது குற்றமல்ல. விளக்கை என்ன விலைக்கு விற்பது என்ற பேச்சு எழுந்தால் மட்டும் தேநீர் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போங்கள். வாங்கிய அளவு, சோதனையில் தேறியது, தேறாதது என்று ஒரு கணக்கு நோட்டும் வையுங்கள். வங்கிக்காரர் உங்கள் சங்கத்தின் பெயரைப் பார்க்க மாட்டார், அந்த நோட்டைத்தான் கேட்பார்.