சாட்ஸ்வர்த்: வீடு முதலா, தோட்டம் முதலா?

கேள்வி: நாங்கள் இருப்பது மான்செஸ்டரில். ஜூன் மாதம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வர்த் மாளிகைக்கு ஒரு நாள் கூட்டிப்போக ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. வீடு, தோட்டம் இரண்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா? எதை முதலில் பார்ப்பது?

பதில்: ஒன்றுதான் முடியும் என்றால் தோட்டத்துக்கு மட்டும் எடுங்கள், அப்படித் தனி டிக்கெட் உண்டு. வீடு அழகுதான், மறுக்கவில்லை. முகப்பு மண்டபத்துக் கூரை ஓவியத்தையும், கதவில் வயலின் தொங்குவது போலவே வரைந்து ஏமாற்றும் படத்தையும் பார்த்து அசந்துபோவீர்கள். ஆனால் அறை அறையாக நின்று நகர்ந்து, படியும் ஏறினால் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் வாசலிலேயே பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள், லிஃப்ட் வசதி இருக்கிறது. காலையில் வெயில் இருந்தால் தோட்டம் முதலில். டெர்பிஷயர் வானத்தை நம்பி மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

தோட்டம் 105 ஏக்கர். முழுவதும் சுற்ற நினைக்கவே வேண்டாம், கிழக்குப் பக்கம் மேடு. வீட்டின் தெற்கே நீளமான குளம் இருக்கும் சமதளமே அப்பாவுக்குப் போதும். அங்கேதான் எம்பரர் நீரூற்று. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று 1844இல் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அவசர அவசரமாகக் கட்டினார். சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார், இங்கே மட்டும் வரவில்லை! 296 அடி வரை பீய்ச்சியதாகப் பதிவு. மோட்டார் கிடையாது. குன்றின் மேல் ஏரி வெட்டி, குழாய் வழியே தண்ணீரை இறக்கினார்கள். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி வேலைசெய்யும் விதம்தான், அளவுதான் வேறு. எந்நேரமும் முழு உயரத்துக்குப் பாயும் என்று எதிர்பார்க்காதீர்கள். 24 படித்தொகுதிகளில் தண்ணீர் இறங்கும் கேஸ்கேடைச் சில ஆண்டுகளாகவே மராமத்துக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள், போகும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் வாழைப்பழக் கதையைச் சொல்லுங்கள். மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் இங்கே கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். 1835இல் குலை தள்ளியது. வீட்டுக்காரரான டெவன்ஷயர் பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ், அதையே வாழைக்கு வைத்தார்கள். இன்று உலகச் சந்தையை ஆளும் ரகம் அதுதான். நம் ஊர் மோரிஸும், தேனிப் பக்கம் ஏக்கர் கணக்கில் போடும் ஜி9உம் அந்தக் குடும்பமே. பிறகு பாக்ஸ்டன் கட்டிய பெரிய கண்ணாடி மாளிகை இப்போது இல்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி கிடைக்காமல் செடிகள் பட்டுப்போயின, 1920இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செடிவேலிப் புதிர்ப்பாதை. உள்ளே போனால் வெளியே வர நேரமாகும், அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போங்கள்.

கார் நிறுத்தத் தனிக் கட்டணம். சாட்ஸ்வர்த்திலேயே ரயில் நிலையம் இல்லை, ரயிலில் வந்தால் செஸ்டர்ஃபீல்டில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், டெர்வென்ட் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தப் புல்வெளிப் பூங்காவில் நடக்க டிக்கெட்டே வேண்டாம். ஆட்டுப்புழுக்கை இருக்கும், கீழே பார்த்து உட்காருங்கள்.