அலாரம் வேறு, பூட்டு வேறு

கேள்வி: வணக்கம் மேடம். பத்துப் பேர் இருக்கும் எங்கள் குழுவுக்கு நான்தான் அட்மின். கிளவுட் (வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி), ஏஐ ஏபிஐ (எங்கள் நிரல்கள் ஏஐ மாடலிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழி) எல்லாமே பொதுக் கணக்கில் ஓடுகின்றன. மேலாளர் சொன்ன தொகையைக் கிளவுட் கணக்கில் பட்ஜெட்டாகப் போட்டேன். அப்படியும் போன மாத பில் அதைத் தாண்டிவிட்டது. இனி ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, பெயர்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. கூகுள் கிளவுடில் 'பட்ஜெட்' என்பது எதையும் நிறுத்தாது. செலவு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸிலும் பட்ஜெட்டோடு ஒரு நடவடிக்கையைத் தனியாக இணைத்தால்தான் ஏதாவது தடைபடும். இரண்டிலுமே செலவுக் கணக்கு சில மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும். 90 சதவீத மெயிலை நீங்கள் படிக்கும்போது உண்மையில் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்த மெயிலுக்கே தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு குழுவில் நான் அட்மின் பொறுப்பை ஏற்ற புதிது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் சோதனை ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். நீளமான ஆவணம் ஒன்றை மாடலுக்கு அனுப்பி, வரும் பதிலைப் பிரித்தெடுக்கும் வேலை. பதில் ஒழுங்காகத்தான் வந்தது, பில்லிலும் ஏறியது. ஆனால் அவன் நிரல் எதிர்பார்த்த வடிவம் வேறு. அதனால் 'தோல்வி' என்று முடிவுகட்டி, முழு ஆவணத்தையும் மறுபடி அனுப்பியது. எத்தனை தடவை முயலலாம் என்று அவன் எழுதியிருக்கவில்லை. திங்கள் காலை வரை அது சளைக்கவேயில்லை. எச்சரிக்கை மெயில்கள் மூன்றும் நேரத்துக்கு வந்திருந்தன, எனக்கு முன் அட்மினாக இருந்து வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு! இன்றைக்கே உங்கள் கணக்கில் அந்த முகவரி யாருடையது என்று பாருங்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்ற யோசனைக்கு வருவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபதாம் தேதி வரம்பு முடிந்தவர் சும்மா உட்கார மாட்டார், பக்கத்தில் இருப்பவரிடம் கீயை (ஏபிஐக்குள் நுழையும் ரகசியக் குறியீடு) கடன் வாங்குவார். அப்புறம் யார் எதற்குச் செலவழித்தார் என்று கடவுளுக்கும் தெரியாது. ஆளை விட்டுவிட்டு வேலையைப் பிரியுங்கள். உங்கள் ஏஐ ஏபிஐ கணக்கில், தொட்டதும் உண்மையிலேயே நிறுத்தும் வரம்பு போட முடிந்தால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வொர்க்ஸ்பேஸ் வையுங்கள். தனிக் கீயும் தனி வரம்பும் உள்ள அறை மாதிரி அது. வாடிக்கையாளர் பயன்படுத்துவது ஒரு வொர்க்ஸ்பேஸ், உருவாக்கத்தில் இருப்பது ஒன்று, சோதித்துப் பார்ப்பதற்கு ஒன்று. அந்தப் பையனின் ஸ்கிரிப்ட் மூன்றாவதில் ஓடியிருந்தால் சனிக்கிழமையே நின்றிருக்கும்.

தொகையைப் பிரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மொத்தம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பக்கம் வழக்கமாக 50 பங்கு செலவாகிறதென்றால் அதற்கு 70 கொடுங்கள். உருவாக்கத்துக்கு 30, சோதனைக்கு 15. கூட்டினால் 115 வருகிறதே என்று பதற வேண்டாம். இப்படி நிறுத்தும் கணக்கில் மொத்தத்துக்கான வரம்பு மேலே தனியாக நிற்கும், அதைத் தாண்ட முடியாது. ஆனால் ஒன்று: மொத்த வரம்பைத் தொட்டால் மூன்றும் சேர்ந்தே நிற்கும், வாடிக்கையாளர் பக்கமும் சேர்த்துத்தான். மற்ற இரண்டும் தங்கள் 45 பங்கை முழுக்கத் தீர்த்தாலும் வாடிக்கையாளர் பக்கத்துக்கு 55 மிஞ்சும்படி வைத்திருப்பது அதனால்தான். அந்த 50 என்பது 60 ஆக வளர்ந்த மாதம் இந்தக் கணக்கு உடைந்துவிடும், மாதா மாதம் பாருங்கள்.

நீங்கள் ஆந்த்ரோபிக்கின் கிளாட் கன்சோல் (கிளாட் ஏபிஐ கணக்கை நிர்வகிக்கும் தளம்) பயன்படுத்தினால் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பத்திலேயே கிடைக்கும் இயல்பு வொர்க்ஸ்பேஸுக்கு வரம்பு போட முடியாது. பழைய கீகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். புது வொர்க்ஸ்பேஸ் திறந்து, கறாராக வரம்பு போட்டுவிட்டு, ஸ்கிரிப்ட் பழைய கீயிலேயே ஓடிக்கொண்டிருந்தால் என்ன பயன்? புதுக் கீ எடுத்து மாற்றுங்கள், பழையதை முடக்குங்கள்.

முன்பணம் கட்டும் கணக்கென்றால், பணம் தீர்ந்ததும் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி ஆனில் இருக்கிறதா பாருங்கள். சோதனைக் கணக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது ஆளுக்கு ஒரு சீட் என்று பணம் கட்டும் மென்பொருள் சந்தா. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதற்கு வரம்பு போட முடியுமா?

பதில்: சீட் கணக்கில் வரம்பு என்றால் யார் யாரை அழைக்கலாம் என்பதுதான். பல மென்பொருட்களில் உறுப்பினர் எவரும் இன்னொருவரைச் சேர்க்கலாம். அந்த உரிமையை அட்மினுக்கு மட்டும் என்று மாற்றினாலே பாதித் தலைவலி போய்விடும். ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் நடுவில் சீட்டைக் குறைத்தாலும் பெரும்பாலும் பணம் திரும்பாது, புதுப்பிக்கும்போதுதான் குறையும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு பட்டியலை எடுத்து உட்காருங்கள்.

கேள்வி: மாதம் பாதியிலேயே சோதனைக்கான வரம்பு தீர்ந்துவிடுகிறது. கூட்டித் தரச் சொல்லி எல்லோரும் என்னையே நச்சரிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கூட்டும் அதிகாரம் இரண்டு பேருக்கு இருக்கட்டும். ஒருவரே என்றால் அவர் லீவில் போகும் நாளில்தான் வரம்பு தீரும், இது எழுதப்படாத விதி. கேட்பவர் எதற்கு என்று ஒரு வரி எழுதித் தரட்டும். "கொஞ்சம் கூடுதலாகத் தேவை" என்பது காரணமில்லை, "பெரிய ஆவணத் தொகுப்பைச் சோதிக்கிறோம், புதன் வரை" என்பது காரணம். சரி என்று பட்டால் தயங்காமல் கூட்டுங்கள், வேலையை நிறுத்துவதற்காக வைத்த வரம்பில்லை இது. மறுபடி இறக்க வேண்டிய தேதியையும் அப்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஏழு மாதம் அப்படியே கிடந்தது.