வாசகர் கேள்வி – பதில்: முதலில் இமேஜ், அப்புறம் எம்பி4

"அண்ணா, எங்கள் கல்யாணம் 2007-ல் தண்டையார்பேட்டையில் நடந்தது. வீடியோக்காரர் மூன்று டிவிடி கொடுத்தார். இரண்டாவது டிவிடி தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிடுகிறது. அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை. தம்பி மகன் பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் காப்பி செய்து பார்த்தான், பாதியில் எரர். காப்பாற்ற முடியுமா?"
– தண்டையார்பேட்டை வாசகி

பெரும்பாலும் முடியும், சகோதரி. பாதியில் எரர் வந்ததால் டிஸ்க் மொத்தமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டிவிடியில் படம் ஒரு ஜிபி வரை நீளும் விஓபி ஃபைல்களாக இருக்கும். சாதாரணக் காப்பி, படிக்க முடியாத ஒரே ஒரு செக்டர் வந்தாலும் அந்த ஃபைலையே கைவிட்டுவிடும். செக்டர் என்பது டிஸ்க்கைப் படிக்கும் சின்னத் துண்டு, வெறும் 2048 பைட். அதற்காக ஒரு ஜிபியை இழப்பது அநியாயம்.

இதற்கென்றே இருக்கும் கருவி குனு டிடிரெஸ்க்யூ (ddrescue). கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்லதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யும்போது பேருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துக் கேட்க வேண்டும். டெர்மினலில் கட்டளை அடிக்கும்போது அந்த 'ஜி' கிடையாது. பையன் தேடித் தேடி அலுத்துப்போகும் இடம் இது, அதனால்தான் சொல்கிறேன்.

கட்டளையின் வரிசை இப்படி: டிடிரெஸ்க்யூ, பிறகு சின்ன 'பி' (b) ஆப்ஷனில் 2048, அடுத்து 'என்' (n) ஆப்ஷன், பிறகு டிரைவின் பேர் (பெரும்பாலும் டெவ் ஃபோல்டரில் எஸ்ஆர்0), பிறகு இமேஜ் ஃபைலுக்கு (டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்த ஒரே ஃபைல்) ஒரு பேர், கடைசியாக மேப் ஃபைலுக்கு ஒரு பேர். 'என்' போட்டால் மோசமான இடங்களில் மல்லுக்கட்டாமல் முதல் சுற்று சீக்கிரம் முடியும். இரண்டாவது சுற்றில் 'என்'-ஐ எடுத்துவிட்டு, 'டி' (d) ஆப்ஷனும் 'ஆர்' (r) ஆப்ஷனில் 3-ம் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்தச் சுற்று ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடும். பரவாயில்லை, விட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரு லேயர் டிவிடிக்கு 4.7 ஜிபி, இரண்டு லேயர் என்றால் 8.5 ஜிபி இடம் காலியாக வைத்திருங்கள்.

அந்த மேப் ஃபைலை மட்டும் யாரும் அழித்துவிடக் கூடாது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. லேப்டாப் டிரைவ் படிக்காத செக்டரை வேறொரு டிரைவ் படித்துவிடும், இது அடிக்கடி நடப்பது. பக்கத்து வீட்டில் யூஎஸ்பி டிவிடி டிரைவ் இருந்தால் வாங்கி மாட்டுங்கள். அதே இமேஜ், அதே மேப் ஃபைல் பேரைக் கொடுத்து ஓட்டினால் விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடிப் போகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் ஊர்க் கல்யாணங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். வீடியோக்காரர் பெண் வீட்டுக்கு ஒரு செட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செட் கொடுத்திருப்பார். உங்கள் மாமியார் வீட்டு பீரோவில் இரண்டாவது டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே இமேஜிலிருந்து எழுதியவை என்றால், ஃபைல்களின் பேரும் அளவும் கடைசி பைட் வரை ஒன்றாக இருக்கும். அப்படி இருந்தால் அந்த டிஸ்க்கைப் போட்டு, இதே மேப் ஃபைலோடு ஓட்டுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அபூர்வம். உங்கள் டிஸ்க்கில் இல்லாததை அவர்கள் டிஸ்க் நிரப்பிவிடும். அளவு வேறாக இருந்தால் கலக்காதீர்கள், அதைத் தனி இமேஜாக எடுங்கள்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு செக்டர் வராமலே போனால்? படத்தில் அரை நொடி போல கட்டம் கட்டமாகத் தெரிந்துவிட்டுச் சரியாகிவிடும். மேளச் சத்தம் ஒரு இடத்தில் துண்டாகும், அவ்வளவுதான். தாலி கட்டுவது உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இமேஜை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டிலும் எஸ்ஹெச்ஏ256சம் கட்டளை ஓட்டி, வரும் நீண்ட எண் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

"டிவிடியை எம்பி4 ஆக மாற்றினேன். ஆட்கள் அசைந்தால் கோடு கோடாக வருகிறது, முகமெல்லாம் ஒல்லியாகத் தெரிகிறது. மாற்றியபின் டிஸ்க்கைத் தூக்கிப் போடலாமா?"
– கொருக்குப்பேட்டை வாசகர்

போடாதீர்கள்! இமேஜ் எடுக்கும் வரைக்கும் டிஸ்க்கைத் தூக்கிப் போடக் கூடாது, இமேஜ் எடுத்தபின் அந்த இமேஜை அழிக்கக் கூடாது. எம்பி4 என்பது போனில் பார்ப்பதற்கு. நாளைக்கு இதைவிட நல்ல கருவி வந்தால் திரும்ப மாற்றிக்கொள்ள மூலம் வேண்டும்.

கோடு வருவதற்குக் காரணம் இது. பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறையில் எழுதிய டிவிடியில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதி. கேமரா அந்த இரண்டையும் நொடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்திருக்கும். ஆரத்தி சுற்றும் கை அதற்குள் நகர்ந்துவிடுவதால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. வீடியோ மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) கட்டளையில் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) என்ற ஃபில்டரைச் சேருங்கள். அது இரண்டு பாதியையும் தனித்தனி ஃபிரேமாக்கி நொடிக்கு 50 தரும். அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

முகம் ஒல்லியாவது புள்ளிகளின் வடிவத்தால். டிவிடியில் இருப்பது 720-க்கு 576, ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமல்ல. பழைய டிவி வடிவப் படம் என்றால் 768-க்கு 576, அகலப் படம் என்றால் 1024-க்கு 576 என்று ஸ்கேல் செய்துவிடுங்கள். படத்தைச் சுருக்கும் எக்ஸ்264-ல், தரத்தைச் சொல்லும் சிஆர்எஃப் எண் 18 முதல் 20 போதும். ஒலிக்கு ஏஏசி, நொடிக்கு 192 கிலோபிட்.

ஒவ்வொரு விஓபி ஃபைலையும் தனித்தனியாக மாற்றாதீர்கள். அவை ஒரு ஜிபி ஆனவுடன் வெட்டப்பட்டவை, காட்சி முடிந்து வெட்டப்பட்டவை அல்ல. கேட் (cat) கட்டளையால் 1, 2, 3 என்று வரிசையாக ஒட்டிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். 0 என்று முடியும் ஃபைல் மெனு, அதை விட்டுவிடலாம்.

"எங்கள் கேரம் கிளப் போட்டி, 2000-ல் எடுத்த விசிடி. ஃபோல்டர் தெரிகிறது, டிஏடி ஃபைலைக் காப்பி செய்தால் லினக்ஸில் இன்புட் அவுட்புட் எரர். டிஸ்க் போச்சா?"
– ராயபுரம் வாசகர்

அந்த எரரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. விசிடியில் படம் இருக்கும் செக்டர்கள் வேறு வகை. கூடுதல் பிழை திருத்தத்தை விட்டுவிட்டு அந்த இடத்திலும் படத்தையே அடைத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் 2324 பைட். 2048 என்று எதிர்பார்த்துப் படிக்கும் கருவிக்கு அது எரராகத்தான் தெரியும். மேலே சொன்ன டிடிரெஸ்க்யூ முறையும் இங்கே ஆகாது. விசிடிஇமேஜர் தொகுப்பில் இருக்கும் விசிடிஎக்ஸ்ரிப் கருவியை ஓட்டுங்கள், எம்பெக் ஃபைலாகவே கையில் கொடுக்கும். டிஸ்க்கை அப்படியே எடுத்து வைக்க சிடிஆர்டிஏஓ (cdrdao) என்ற கருவி, அதில் எதையும் மாற்றாமல் படிக்கும் ரா (raw) முறை.

கிடைக்கும் படம் 352-க்கு 288 தான். அதை ஹெச்டி ஆக்குகிறேன் என்று பெரிதாக்க வேண்டாம், ஸ்டிரைக்கர் போகும் பாதை இன்னும் மங்கும். எம்பெக்-1 ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், விஎல்சி நன்றாகவே ஓட்டும். வடசென்னை கேரம் ஆட்டம் இப்படி எத்தனை வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ! உங்கள் கிளப் ஆட்களிடமெல்லாம் கேட்டு, இருப்பதைச் சேர்த்து வாங்கிச் செய்யுங்கள்.

"கடையில் வாங்கிய சினிமா டிவிடியையும் இப்படி எடுக்கலாமா?"
– பெரம்பூர் வாசகர்

அவற்றில் பலவற்றுக்கு சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி குற்றம். இந்தப் பகுதியில் நம் வீட்டு வீடியோக்களோடு நிறுத்திக்கொள்வோம்.

"2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் டிவிடிகள் நனைந்தன. சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள்."
– கொடுங்கையூர் வாசகி

பற்பசை வேண்டாம், அம்மா. அது பிளாஸ்டிக்கைச் சுரண்டும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சேறு தானாக இளகட்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது. வீட்டில் எழுதும் டிவிடியில் படத்தைத் தாங்குவது ஒரு சாயம், வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரட்டும். சிடி, விசிடி இருந்தால் எழுத்து அச்சான மேல்பக்கத்தில் இன்னும் கவனம், அவற்றில் தகவல் அடுக்கு அந்த அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் உங்கள் டிஸ்க்குகள் பிழைக்க வாய்ப்பு அதிகம். காய்ந்ததும் தண்டையார்பேட்டை வாசகிக்குச் சொன்ன முறையில் இமேஜ் எடுக்க ஆரம்பியுங்கள்.