சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கணினி அறிவியல் பட்டம் முடித்ததும் மூன்று வேலைகள் வந்திருக்கின்றன. பாயான் லெப்பாஸில் பெரிய அமெரிக்க நிறுவனத்தில், ஏஜென்ட் மூலம் 12 மாத ஒப்பந்தம், மாதம் 3,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). சைபர்ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனம், 3,500 வெள்ளி, இரண்டு வருட பாண்ட் (அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும்). கோலாலம்பூரில் எட்டுப் பேர் உள்ள ஸ்டார்ட்-அப், 3,000 வெள்ளி. அப்பா பெரிய நிறுவனத்துக்கே போகச் சொல்கிறார். எதில் சேரலாம் ஐயா?

பதில்: அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்தே பினாங்கில் பாயான் லெப்பாஸ் வேலைக்கு மரியாதை அதிகம். ஆனால் தம்பி, உங்களுக்கு வேலை தருவது அந்த அமெரிக்க நிறுவனம் இல்லை. கடிதத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள். ஏஜென்ட்தான் உங்கள் முதலாளி.

அதிலும் சில ஏஜென்டுகள் உங்களை ஊழியர் என்றே எழுத மாட்டார்கள். 'ஆல் இன் 3,200', எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் என்பார்கள். இபிஎஃப்பும் (ஊழியர் சேமநிதி) சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இருக்காது. 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும். 3,200-க்கு மாதம் 416 வெள்ளி, வருடத்துக்கு ஏறக்குறைய 5,000. அது யார் பைக்குப் போகிறது? இது தெரிந்தும் வேலைச் சந்தைகளில் இவர்களுக்கு முன்வரிசையில் மேசை போட்டுக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கோ 'வேலை கிடைத்தவர்' கணக்கில் ஒரு ஆள் கூடினால் போதும்.

பாண்ட் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். என் முதல் வேலையில் 'பயிற்சி' என்பது கடைவீட்டு மாடியில் ஒரு வாரம் ஸ்லைடு பார்த்ததுதான். அதற்கு 15,000 வெள்ளி பாண்ட். சைபர்ஜெயாக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சரி, ஒரு விதிவிலக்கு உண்டு. நிறுவனம் உண்மையிலேயே பணம் கட்டி உங்களை ஒரு சான்றிதழ் படிப்புக்கோ வெளிநாட்டுப் பயிற்சிக்கோ அனுப்பினால், ரசீதில் உள்ள தொகைக்கு பாண்ட் கேட்பது நியாயம். அப்போதும் மாதம் போகப் போகத் தொகை குறைய வேண்டும். 23 மாதம் உழைத்தவரிடம் முழுத்தொகை கேட்பது பகல் கொள்ளை. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவும் நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது. தாளில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறார்கள்.

ஸ்டார்ட்-அப்பில் இரண்டே கேள்விகள். நான் எழுதும் நிரலை (code) யார் பார்த்துத் திருத்துவார்? இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது? முதல் கேள்விக்கு அனுபவமுள்ள ஒருவரைக் காட்டி, இரண்டாவதற்கு ஒரு வருடமாவது சொன்னால் அங்கேயே போங்கள். சேர்ந்தபின் மாதம் 15-ஆம் தேதி தாண்டியதும் இபிஎஃப் கணக்கைத் திறந்து போன மாதப் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்குப் பணமுடை வந்தால் முதலில் நிற்பது அதுதான்.

அங்கே பதில் சரியில்லை என்றால் ஏஜென்டிடம் இபிஎஃப், சொக்சோ உண்டா என்று கேளுங்கள். போனில் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.