அனல்மின் நிலையத்தின் கணினி மாடல் நிஜ யூனிட்டோடு எவ்வளவு பொருந்தும்?

கேட்டிருப்பவர் மின்பொறியியல் கடைசி வருட மாணவர். பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த 210 மெகாவாட் யூனிட் ஒன்றைச் சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் மாடல் செய்திருக்கிறார், அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார்.

உள்ளே போட்டிருக்கும் எண்கள் அந்த யூனிட்டிலேயே அளந்தவை என்றால் நன்றாகவே பொருந்தும். பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தவை என்றால் கிராஃப் அழகாக வரும், ஆனால் அது அந்த யூனிட்டின் கிராஃப் இல்லை.

ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1929-ல் ராபர்ட் பார்க் என்ற பொறியாளர் எழுதிய இரண்டு அச்சுச் சமன்பாடுகள்தான் இன்றைக்கும் அதன் மாடல். 247 எம்விஏ, 15.75 கேவி, 3000 ஆர்பிஎம், அப்புறம் ரியாக்டன்ஸ், டைம் கான்ஸ்டன்ட் எல்லாமே தயாரித்தவர்களின் டேட்டா ஷீட்டில் இருக்கும். சிக்கல் அதைச் சுற்றியிருக்கும் ஏவிஆரிலும் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) கவர்னரிலும்தான் (வேகத்தைப் பார்த்து டர்பைனின் நீராவி வால்வைத் திறந்து மூடும் கருவி).

ஒரு நிலையத்தில் நாங்கள் ஏவிஆர் ஸ்டெப் டெஸ்ட் செய்தோம். யூனிட் கிரிட்டோடு, அதாவது மின் கட்டமைப்போடு, சேராமல் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏவிஆர் பிடிக்க வேண்டிய வோல்டேஜ் அளவான ரெஃபரன்ஸை ஒரே தடவையில் 2 சதவீதம் ஏற்றினோம். எங்கள் சிமுலேஷனில் வோல்டேஜ் அரை நொடிக்குள் ஏறி, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி நின்றிருந்தது. ரெக்கார்டரிலோ தாண்டவே இல்லை. மெதுவாக ஏறி, இரண்டு நொடி கழித்துத்தான் நிலைத்தது. பேனலில் செட்டிங்கைப் படித்துப் பார்த்தால், கெயின் (வோல்டேஜ் வித்தியாசத்துக்கு ஏவிஆர் எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டும் என்ற அளவு) எங்கள் கையிலிருந்த ஆவணத்தில் உள்ளதில் பாதிதான் இருந்தது. என்றோ ஒரு ஓவர்ஹாலில் குறைத்திருக்கிறார்கள், ஆவணத்தில் ஏற்றவில்லை. அதே பேனலில், யூனிட்டுகள் ஒன்றோடொன்று ஊசலாடுவதை அடக்க வேண்டிய பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர் ஆஃபில் இருந்தது. எங்கள் மாடலில் அது ஆனில் இருந்தது! அந்த மாடலை வைத்து ‘இந்த யூனிட்டில் ஊசல் தானாக அடங்கிவிடும்’ என்று அறிக்கை கொடுத்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

இதே பிழை ஒரு கிரிட் முழுக்க நடந்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதி கிரிட் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தீவுகளாகப் பிரிந்தது. சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. பிரிவதற்கு முன்பு ஒரேகான்–கலிஃபோர்னியா லைன்களில் நான்கு நொடிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் மெகாவாட் ஊசலாடி, ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகிக்கொண்டே போனது பதிவாகியிருக்கிறது. பின்னர் அதே நிகழ்வை வழக்கமான மாடல்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஊசல் அடங்கியது, கிரிட் நிலையாக இருக்கிறது என்றது சிமுலேஷன். லோடு, ஹெச்விடிசி (உயர் அழுத்த நேர்மின்சார லைன்) கட்டுப்பாடு, கவர்னர் என்று பல மாடல்களைத் திருத்திய பிறகுதான் பதிவோடு ஒத்து வந்தது.

2001-ல் அங்கேயே வேண்டுமென்று ஜெனரேஷனை டிரிப் செய்து சோதித்தார்கள். மாடலில் இருந்த கவர்னர் பங்களிப்பில் சுமார் 40 சதவீதம்தான் நிஜத்தில் வந்தது. இதில் பெரிய பங்கு அனல் யூனிட்டுகளுக்கு உண்டு. அலைவெண் விழுந்ததும் கவர்னர் வால்வைத் திறக்கும். சில நொடிகளிலேயே யூனிட்டின் லோட் கன்ட்ரோலர், மெகாவாட் செட் பாயின்ட்டைத் தாண்டிவிட்டது என்று அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். சில யூனிட்டுகளில் வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கும், மேலே போக இடமே இருக்காது. அலைவெண் எவ்வளவு விழுந்தால் உற்பத்தி எவ்வளவு ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லும், புத்தகத்தில் வரும் 5 சதவீத டிரூப் பிளாக்கில் இது எதுவும் இல்லை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியை விட முடியாது. 2010-ஆம் ஆண்டின் கிரிட் கோடு 200 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி யூனிட்டுகளுக்கு ஆர்ஜிஎம்ஓ என்ற, கவர்னரின் வேலையை வரம்புக்குள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில், அலைவெண் குறைவாக இருந்து மேலே ஏறும்போது யூனிட் உற்பத்தியைக் குறைக்காது. அந்தக் காலப் பதிவோடு சாதாரண கவர்னர் மாடலை ஒப்பிட்டால் கோடுகள் வெவ்வேறு திசையில் போகும். ஆகவே எந்த மோடில் ஓடியது என்று கன்ட்ரோல் ரூமில் கேளுங்கள்.

நிலையத்தின் சொந்தத் தேவைக்கு ஓடும் ஆக்சிலியரி மோட்டார்களையும் ஒரே நிலையான லோடாகப் போட்டுவிடாதீர்கள். பாய்லர் ஃபீட் பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது ஃபுல் லோட் கரன்ட்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும், அவற்றுக்கு மின்சாரம் தரும் 6.6 கேவி பஸ்ஸின் வோல்டேஜ் இறங்கும். அதற்கு இண்டக்‌ஷன் மோட்டார் மாடல்தான் சரி.

உங்கள் ப்ராஜெக்டுக்கு நிலையத்திலிருந்து ஒரே ஒரு டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர் (கோளாறு நேரத்து அளவுகளைப் பதிவு செய்யும் கருவி) பதிவு கிடைத்தாலும் போதும். அதிலுள்ள வோல்டேஜையும் அலைவெண்ணையும் மாடலுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். மாடல் தரும் மெகாவாட்டையும் எம்விஏஆரையும் (ரியாக்டிவ் பவர்) பதிவின்மேல் வைத்துப் பாருங்கள். முதலில் எம்விஏஆர் கோட்டைப் பாருங்கள், ஏவிஆரில் தப்பு இருந்தால் அங்கேதான் தெரியும்.