வாசகர் கேள்விகள்: 202 ஆண்டு காத்திருந்த திருத்தம்

அமெரிக்க அரசியல் சாசனம் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவளுக்கு இதைவிட மகிழ்ச்சி என்ன வேண்டும்! இடம் இருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

அமெரிக்க சாசனத்தில் இத்தனை காலத்துக்கும் 27 திருத்தங்கள்தான். நம்முடையதில் நூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் எழுதியது அவ்வளவு கச்சிதமா?
(போட்டித் தேர்வு எழுதும் இளைஞர், கரூர்)

கச்சிதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1787-ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அந்த ஆவணம், பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. திருத்தங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் வேறு: அங்கே திருத்துவது மிகக் கடினம். அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 50-ல் 38, ஒப்புதல் தர வேண்டும். 13 மாநிலங்கள் சும்மா இருந்துவிட்டாலே போதும், திருத்தம் நின்றுவிடும். முதல் பத்துத் திருத்தங்களும் 1791-ல் ஒன்றாக வந்தவை. அவற்றைக் கழித்தால், அதற்குப் பிறகான இத்தனை காலத்துக்கும் சேர்த்து 17தான்.

நம்முடைய 368-வது பிரிவின்படி பல விஷயங்களுக்கு நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே போதும். சிலவற்றுக்குத்தான் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1951 ஏப்ரலில். இடஒதுக்கீட்டுக்கு வழி செய்த முதல் திருத்தம் அந்த ஜூனிலேயே வந்துவிட்டது.

சாதாரண ஆள் ஒருவரால் அந்த நாட்டுச் சாசனத்தில் ஒரு வரியாவது சேர்க்க முடியுமா?
(வாசகி, தென்காசி)

முடிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1789-ல், சாசனத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனின் முயற்சியால் காங்கிரஸ் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. பத்து நிறைவேறின, அவற்றைத்தான் உரிமைகள் மசோதா என்கிறோம். விடுபட்ட இரண்டில் ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால், அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. நியாயமான விதிதான். ஆனால் போதுமான மாநிலங்கள் ஒப்புதல் தராததால் அப்படியே கிடந்தது.

1982-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகரி வாட்சன் என்ற மாணவர் கட்டுரை எழுதப் போய் இதைக் கண்டுபிடித்தார். இந்தத் திருத்தத்துக்குக் காலக்கெடு எதுவும் வைக்கவில்லையே, அப்படியானால் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வாதிட்டார். கட்டுரைக்குக் கிடைத்தது 'சி' கிரேடு. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். வாட்சன் மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1983-ல் மெயின், 1984-ல் கொலராடோ என்று மாநிலங்கள் ஒப்புதல் தரத் தொடங்கின. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பள உயர்வு மீது மக்களுக்கு இருந்த கோபமும் கைகொடுத்தது. 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை சேர்ந்து அது 27-வது திருத்தமானது. மேடிசன் காலத்திலிருந்து கணக்கிட்டால் 202 ஆண்டுகள்! 2017-ல் பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரையின் கிரேடை 'ஏ' என்று மாற்றியது.

ஒருவர் எத்தனை முறை அதிபர் ஆகலாம்?
(வாசகர், ஓசூர்)

இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. 1951-ல் வந்த 22-வது திருத்தம் அது. முதல் அதிபர் வாஷிங்டன் இரண்டு முறையோடு ஒதுங்கியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு அதை எழுத்தில் வைத்தார்கள்.

என் மகளும் மருமகனும் எச்1பி விசாவில் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். பேரனுக்கு அங்கே பிறந்து ஆறு வயதாகிறது. அவனுடைய குடியுரிமையை ஓர் அதிபர் நினைத்தால் பறிக்க முடியுமா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்)

ஐயா, கவலைப்படாதீர்கள். அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டிருக்கும் எல்லோரும் குடிமக்கள் என்கிறது 1868-ல் வந்த 14-வது திருத்தம். கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கொடுமையைத் துடைக்க, உள்நாட்டுப் போருக்குப் பிறகு எழுதியது அது.

உங்கள் பேரனைப் போன்ற பிள்ளைகளுக்கு அது பொருந்தும் என்று நிலைநாட்டியவர் வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள், அன்றைய சட்டப்படி அவர்கள் எந்நாளும் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது. 1895-ல் சீனா போய்த் திரும்பியவரைக் கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. அவர் வழக்காடினார். 1898-ல் உச்ச நீதிமன்றம், நீ இந்த நாட்டுக் குடிமகன்தான் என்றது.

தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமை இல்லை என்று அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் ஆணை போட்டது உண்மை. மூன்றாம் நாளே சியாட்டிலில் ஒரு நீதிபதி அதைத் தடுத்தார். அந்த ஆணையே கூட, வெளியாகி 30 நாட்களுக்குப் பின் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியதுதான். உங்கள் பேரன் அதில் வரவில்லை. இன்னொன்று, சாசனத்தைத் திருத்துவதில் அதிபருக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் கிடையாது. அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தில் லிங்கன் போட்ட கையெழுத்துகூடத் தேவைப்படாத ஒன்றுதான்.

பெண்களுக்கு வாக்குரிமை ஒரே ஓட்டில் கிடைத்ததாமே?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஆமாம் அம்மா. அன்று இருந்தவை 48 மாநிலங்கள், 36 ஒப்புதல் தர வேண்டும். 1920 ஆகஸ்டில் டென்னசி ஒப்புதல் தந்தால்தான் அந்த 36-வது மாநிலம் கிடைக்கும் என்ற நிலை. அந்த மாநிலச் சட்டமன்றத்தின் 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் அம்மாவின் கடிதம்: பெண்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போடு மகனே என்று. அவர் மாறினார், திருத்தம் வென்றது.

ஆனால் இதைப் படித்துவிட்டு 1920-லேயே எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதே. மிசிசிப்பியில் பருத்திக்காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர் 1962-ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். மாநில சாசனத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் சொல்லச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்றே வேலையும் வீடும் போயிற்று. அடுத்த ஆண்டு சிறையில் வைத்து அடித்தார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் தென் மாநிலங்களில் நிலைமை மாறத் தொடங்கியது. தனக்கு நடந்ததை 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் ஹேமர் சொன்ன பதிவு இணையத்தில் கிடைக்கிறது. கட்டாயம் கேள்.