வேல்ஸின் நாட்டுப்புறத்தைப் பார்க்க எந்தக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பகுதிக்கு) போகலாம்? அது எப்படிப்பட்ட இடம்?

தயங்காமல் பொவிஸ் என்பேன். வேல்ஸின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால்வாசி இந்த ஒரே கவுண்டிதான். மக்களோ சுமார் 1,33,000 பேர்தான். பெருநகரம் ஒன்றுகூடக் கிடையாது. மான்ட்காமரி, ராட்னர், பிரெக்னாக் என்ற மூன்று பழைய கவுண்டிகளை 1974-இல் இணைத்து உருவாக்கினார்கள். தெற்கே 886 மீட்டர் உயரத்தில் பென் அ வான் சிகரம், நடுவில் மரமற்ற புல்வெளிக் குன்றுகள், எங்கும் ஆடுகள்.

இந்த மண்ணைப் புரிந்துகொள்ள நீரைப் பின்தொடருங்கள். செவர்ன், வை என்ற இரண்டு பெரிய ஆறுகளும் மேற்கு எல்லையில் உள்ள பிளின்லிமோன் மலையில்தான் பிறக்கின்றன. மேற்குக் கடல் பக்கத்திலேயே இருந்தும், இரண்டும் கிழக்கே திரும்பி, வெவ்வேறு வழியில் இங்கிலாந்துக்குள் நுழைந்து, வெகுதூரம் சுற்றி ஒரே கழிமுகத்தில் கலக்கின்றன.

ஆறுகள் தாமாகப் போனது போதாதென்று நகரங்களும் வந்து நீரை எடுத்துக்கொண்டன. ரையடர் ஊருக்கு அருகே எலன் பள்ளத்தாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி கட்டிய அணைகள் 1904-இல் திறக்கப்பட்டன. அங்கிருந்து 118 கிலோமீட்டர் தொலைவுக்கு, பம்பு எதுவும் இல்லாமல், சரிவை மட்டுமே நம்பித் தண்ணீர் பர்மிங்காமுக்கு ஓடுகிறது. மழைக்காலத்தில் கல் அணைகளின் மேல் வெள்ளம் வழிவதைப் பார்த்தால் யாரும் மயங்கிவிடுவார்கள், நானும் மயங்கினேன். ஆனால் அந்த நீருக்கடியில் பண்ணை வீடுகளும் ஒரு தேவாலயமும் பள்ளிக்கூடமும் இருந்தன. சுமார் நூறு பேர் வெளியேற வேண்டியிருந்தது. இழப்பீடு கிடைத்தது நில உடைமையாளர்களுக்கு மட்டுமே. அதற்குச் சற்று முன்பே வடக்கே லிவர்பூலுக்காக லானூதின் என்ற கிராமம் முழுவதும் ஏரிக்குள் போயிருந்தது. அழகான ஏரிகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நோயாளிகளும் கிழக்கு நோக்கித்தான் போகிறார்கள். இவ்வளவு பரந்த கவுண்டியில் பெரிய பொது மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. பலருக்கு இங்கிலாந்தில் உள்ள ஹெரிஃபோர்டு அல்லது ஷ்ரூஸ்பரிதான் கதி. அமைதியை ரசிக்கும் பயணிகள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

விவசாயிகளின் வாழ்க்கையைப் பார்க்க விரும்பினால் ஜூலையில், பில்த் வெல்ஸ் அருகே நடக்கும் ராயல் வெல்ஷ் கண்காட்சிக்குப் போங்கள். ஸ்வான்சீயிலிருந்து ஷ்ரூஸ்பரி வரை செல்லும் ரயில் பில்த் வெல்ஸுக்கு அருகிலுள்ள லான்ட்ரின்டாட் ஊர் வழியாகப் போகிறது. நாளுக்குச் சில வண்டிகளே உண்டு, அதனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.